பொரி போட்ட டிரம்

மொட்டை மாடியில் என் நீல டிரம்மைத் திறந்து பார்த்த வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன டீச்சர், கள்ளு எறக்குறீங்களா?" என்பதுதான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். அந்த டிரம்மில் நான் போட்டு வைத்தது காய்கறிக் குப்பை.

எல்லாம் புரட்டாசி மழையில் தொடங்கியது. திண்டுக்கல்லில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தெரு குறுகல். மழை பிடித்துவிட்டால் குப்பை வண்டி ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வாசல் கம்பியில் மாட்டிய பைகளை நாய்கள் இழுத்துக் கிழித்துவிடும். யார் வீட்டில் என்ன வெஞ்சனம் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். ஒருநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, நான் தின்று போட்ட முருங்கைக்காய்ச் சக்கையை நானே மிதித்து வழுக்கி விழப்பார்த்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இனி என் வீட்டுக் காய்கறிக் குப்பை ஒரு பிடிகூடத் தெருவுக்குப் போகாது என்று சேற்றுச் செருப்போடு அங்கேயே சபதம் போட்டேன்.

"சரி, மொதல்ல காலக் கழுவு" என்றார் என் கணவர்.

வீட்டுக் குப்பையை எருவாக்கச் சொல்லித்தரும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் வீடியோ கைபேசியில் கிடைத்தது. டிரம்மில் ஓட்டை போடவேண்டும். காய்கறிக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு. இது இலையுதிர் காலம்தானே, வாசலிலேயே கிடக்கும், அள்ளிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் வாசலில் கிடந்தது கணுக்கால் அளவு தண்ணீர். எங்கள் ஊர் வேப்பமரம் இலை கொட்டுவது மாசி பங்குனியில். மழைக்காலத்தில் காய்ந்த இலைக்கு நான் எங்கே போவேன்? செய்தித்தாள் கிழித்துப் போடலாம் என்றால், அதை நிறுத்திப் பல வருஷமாகிறது. ஆனாலும் டிரம்மை வாங்கி, ஓட்டை போட்டு, மாடியேற்றிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. அந்த இரண்டு நாளில் எங்கள் ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு பொரிப் பை திணிக்கப்படும். பள்ளியில் கொடுத்தார்கள். கணவரின் அலுவலகத்தில் கொடுத்தார்கள். மெக்கானிக் கடை, மாவு மில், மருந்துக்கடை, எதையும் தாண்டி வரமுடியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டே பேர். நாலாம் நாள் எண்ணிப் பார்த்தால் பதினோரு பை, அத்தனையும் நமுத்துப் போயிருந்தது. பொரியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எடையே இல்லை. காய்ந்த சரக்கு என்றால் இதைவிடக் காய்ந்தது எது? குப்பைக்குக் குப்பையும் குறைந்தது, இலைக்குப் பதில் இலையும் ஆயிற்று என்று பதினோரு பையையும் டிரம்மில் கொட்டினேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்காக எனக்கு நானே ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

பொரி சோறுதான் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. காய்கறித் தண்ணீரைக் குடித்து உப்பி, கூழாகி, ஓட்டைகளை அடைத்துக்கொண்டு புளித்துப் பொங்கிவிட்டது. மாடிப்படி முழுக்கக் கள்ளுக்கடை வாடை. அதை முகர்ந்துகொண்டே வந்துதான் வீட்டுக்காரம்மா மூடியைத் திறந்தார்.

அதே கட்டடத்தில் கீழ்ப்பகுதியில் இருக்கும் அவர் கெட்டவர் இல்லை. ஏழு வருஷத்தில் எங்களிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அந்த வருஷம் அவர் மகளுக்குத் தலைதீபாவளி. "மாப்பிள்ளை வந்து எறங்குற நேரத்துல இந்த வாடை அடிச்சா சம்பந்தி வீட்டுல என்னைப் பத்தி என்ன பேசுவாங்க? தீபாவளிக்குள்ள இது போகணும் டீச்சர். போகலைன்னா டிரம்மோட நீங்களும் வேற வீடு பாத்துக்கங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கல்யாணம் ஆனதிலிருந்து நாலு வீடு மாறியவள் நான். பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில், தண்ணீர் வசதியோடு, வராது வந்த வீடு இது. கீழே இறங்கி வந்து அடுப்படியில் நின்று அழுதேன். கணவர், "தூக்கிப் போட்டுட்டா முடிஞ்சது. எதுக்கு இம்புட்டு வீம்பு?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. தூக்கிப் போடுவது என்றால் எங்கே? அதே தெருவில், அதே நாய்களுக்கு முன்னால். நான் மாட்டேன் என்றேன்.

மறுநாள் மாலை பள்ளி விட்டு வரும்போது ஆசாரி பட்டறை வாசலில் என் கால் நின்றுவிட்டது. தினமும் தாண்டிப் போகிற பட்டறைதான். உள்ளே தகரக் கூரைக்குக் கீழே, வாசக்காலுக்கு இழைத்த மரத்தூள் ஒரு குவியல், மழையில் நனையாமல் உமியைப்போல் உலர்ந்து கிடந்தது.

"இந்தத் தூளை என்னண்ணே செய்வீங்க?"

"எரிப்போம். வேறென்ன?" என்றார் ஆசாரி. நான் விஷயத்தைச் சொன்னதும் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பொரியையா போட்டீங்க? ரெண்டு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா டீச்சர், பூசைக்குப் பட்டறையக் கழுவணும்னு பத்து மூட்டையக் கொளுத்துனேனே! இருக்குறத அள்ளிக்கங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வாங்க, வைக்கிறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வெயில் வந்தது. நானும் கணவரும் மாடியில் பழைய தார்ப்பாயை விரித்து டிரம்மைக் கவிழ்த்தோம். அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வேலை செய்தார். கட்டி கட்டியாக விழுந்த பொரிக் கூழை உதிர்த்து, மரத்தூளைப் போட்டுப் பிசைந்து, அடைத்த ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, திரும்ப நிரப்பினோம். அன்றாடக் கழிவின் மேல் இரண்டு கை தூள் என்று கணக்கு வைத்தேன். மூன்றாம் நாள் வாடை பாதி குறைந்தது. ஒரு வாரத்தில் படியில் ஒன்றும் தெரியவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளிருந்து வெதுவெதுப்பு வந்தது. மழைக்கும் அது அடங்கவில்லை. தினமும் விடிந்ததும் ஓடிப்போய்க் கையை விட்டுப் பார்ப்பேன். வீட்டுக்காரம்மா படிக்கட்டில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். பிறகு இறங்கிவிடுவார்.

தீபாவளியன்று காலை மாப்பிள்ளை பட்டாசு வெடிக்க மாடிக்கு வந்தார். தொப்பம்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நேராக டிரம்மிடம் போய் மூடியைத் தூக்கினார். பின்னாலேயே பலகாரத் தட்டோடு வந்த வீட்டுக்காரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை புதுச்சட்டைக் கையை மடித்துவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"ஏனுங்க அத்தை, இது யாரு போட்டதுங்க? இன்னும் பாதிதான் மக்கியிருக்குது, அதுக்குள்ளயே மழை பேஞ்ச மண்ணாட்டம் வாசம் வருதுங்க. எங்க தோட்டத்துல கூட எரு இத்தனை பதமா இருக்காதுங்க."

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். பிறகு தட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "பின்ன? நாங்க எதையும் வீணாக்குறதில்ல மாப்ள" என்றார்.

நாங்களாம்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஈரப் புடவைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஏழு வருஷ வீடு என் காலடியில் மறுபடி உறுதியாக நின்றது.

மத்தியானம் விருந்து முடிந்ததும் கதவைத் தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா ஒரு வாளி நிறைய காய்த்தோலும் கிழித்த வாழை இலையுமாக நின்றார். "எடம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி இரண்டு பேருமாகச் சுமந்து மேலே கொட்டினோம். தூள் போடுவதை நான் காட்டிக்கொடுக்க, அவர் இரண்டு கைக்கு மூன்று கையாகப் போட்டார்.

மறுநாள் குப்பை வண்டி வந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நாலைந்து பை. எங்கள் கம்பியில் பட்டாசுக் காகிதமும் பால் கவரும் போட்ட ஒரே ஒரு சின்னப் பை. வண்டிக்கார அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தலைதீபாவளி வீட்டுல இம்புட்டுத்தானா? எல்லாரும் ஊருக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்கயும் போகல. எல்லாரும் இங்கதான் இருந்து தின்னோம். எங்க வீட்டுல ரெண்டு குடும்பத்துக்கும் சேத்தே குப்பை அம்புட்டுத்தான்!"