சோப்பு டப்பாவில் ஒரு எண்ணிக்கை

புதிதாக வாங்கிய எந்தக் கருவியின் திரையிலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும் அல்லவா, அதை அவர் உடனே உரிக்க மாட்டார். முதலில் கை கழுவுவார். சட்டை நுனியில் விரல்களைத் துடைப்பார். இடது சுண்டுவிரல் நகத்தால் ஒரு மூலையை மட்டும் எழுப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நிற்காமல் ஒரே இழுப்பில் எடுப்பார். எடுத்ததைக் கசக்கிப் போடுவதில்லை. இரும்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, ஓரத்தில் தேதி எழுதுவார். கடிகாரம் அளவில், கைபேசி அளவில், கேமரா முதுகின் அளவில். கதவைத் திறந்தால் மீன் செதில் மாதிரி மினுங்கும்.

நாங்கள் வேலை பார்த்தது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. அவர் மெக்கானிக். எந்த லிஃப்டுக்கு யார், என்றைக்குப் போவது என்று அட்டவணை போடுகிறவன் நான். யாருடைய போன் செத்தாலும் அவர் பையில் அதற்கு ஒரு வயர் இருக்கும் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சார்ஜர்'. ஒரே கட்டடத்தின் நான்காம் மாடியில் எதிரெதிர் அறைகளில் குடியிருந்தோம். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"நாள் பூரா ஊரையே மேல தூக்கி விடுறேன் தம்பி, என்னைத் தூக்கத்தான் ஆளில்ல" என்று மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவார்.

என் கையில் இருக்கும் கவிதைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "ஏன் வரியைப் பாதியில உடைச்சு விட்டிருக்காங்க? சிக்னல் இல்லையா?" என்பார்.

அவருக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. வாங்கிய ஹெட்போன் எந்தக் காதில் வலிக்கிறது, எந்த டார்ச் மழையில் நனைந்தும் எரிகிறது என்றெல்லாம் எழுதுவார். வருடத்துக்கு ஒருமுறை, ஊர்த் திருவிழாவுக்கு எல்லோரும் லீவு விடும் நாளில், இருட்டியதும் நகராட்சி மைதானத்தில் வாணவேடிக்கை விடுவார்கள். மொட்டை மாடியேறி அதைப் படமெடுப்பது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம்; அதையும் போடுவார். அந்த இணையப் பக்கத்தில் ஒரு மனித முகம்கூடக் கிடையாது. காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அக்கா மகள் கல்யாணத்துக்கு, "வெளியாள் எதுக்கு, நான் எடுக்கிறேன்" என்று அவரே கேமராவைத் தூக்கியிருக்கிறார். படமெடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது வேலை தொடங்கும் முன் மெமரி கார்டை மொத்தமாக அழித்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு மறுநாள், புது லென்ஸ் ஒன்றைச் சோதிக்கும் ஆசையில், படங்களை எடுத்து வைக்க மறந்து, கை போன போக்கில் கார்டை அழித்துவிட்டார். அதன்மேல் நூறு படம் எடுத்தார். நூறும் ஜன்னல் கம்பி. கல்யாணத்தில் வாய்விட்டுச் சிரித்த அம்மா இரண்டே மாதத்தில் போய்விட்டார். மாட்டி வைக்க ஒரு படம் இல்லை.

"அம்மா முகத்தைக் கேட்டா ஜன்னல் கம்பியைக் காட்டுறியேடா. இனிமே என் வாசப்படி ஏறாதே" என்றாராம் அக்கா.

அதற்குப் பிறகு பேச்சில்லை. பக்கத்தைத் தொடங்கியதும் அதன் முகவரியை ஒரு அட்டையில் எழுதி அக்காவுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். தபால் திரும்பி வரவில்லை. அந்த வாரமே ஒரு சோப்பு டப்பாவில் சின்னத் திரை வைத்து ஒரு பொம்மை செய்தார். தினமும் மாலை ஏழு மணிக்கு அது இணையத்துக்குப் போய், பக்கத்தை இதுவரை எத்தனை தடவை திறந்திருக்கிறார்கள் என்று பார்த்து வந்து சொல்லும். வழிதவறி வந்தவர்கள் சில நாள் இரண்டு மூன்று கூட்டுவார்கள். மற்றபடி தினமும் ஒன்று. தவறாமல் ஒன்று.

"அக்கா வந்துட்டுப் போயிருக்கா" என்பார், ஏழு மணிக்குத் திரை மாறியதும். பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

"நீங்க பார்க்கிறதும் சேர்ந்துடாதாண்ணே?"

"என் கம்ப்யூட்டரை எண்ணாதேன்னு முதல் நாளே சொல்லி வச்சிட்டேன். நான் என்ன, விவரமில்லாதவனா?"

பதினோரு வருடம் இப்படிப் போயிற்று. போன வருடம், இலவசமாக இடம் கொடுத்திருந்த நிறுவனம் மாதக் கடைசியோடு எல்லாப் பக்கங்களையும் மூடப்போவதாக எழுதியது. மனிதருக்கு ஒரே கவலை: வேறு இடத்துக்கு மாறினால் அக்காவுக்கு எப்படித் தெரியும்?

"கடைசியா ஒரு நல்ல படம் போட்டு, கீழ என் நம்பர் எழுதிடுறேன். தினம் வர்றவ ஒரு போன் பண்ண மாட்டாளா?"

வாணவேடிக்கை அன்று நானும் மாடிக்குப் போனேன். கேமரா கண்ணைத் திறந்தே வைத்துவிட்டு, கறுப்பு அட்டையால் லென்ஸை மறைத்துக்கொண்டு நிற்பது என் வேலை. வெடிக்கும்போது அட்டையை எடுத்து, அணைந்ததும் மூட வேண்டும்.

"வெடிச்சப்புறம் எடுத்தா என்ன பிரயோஜனம்? மேல ஏறுற சத்தம் கேக்குதில்ல, அப்பவே எடு. பொண்ணு பார்க்கப் போன மாதிரி கூச்சப்படாதே!"

கேமராவின் பேட்டரி பாதியில் தளர்ந்தது. இறங்கி ஓடி, கையில் கிடைத்த அடாப்டர் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில் ஐந்து பூக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே படத்தில் விழுந்தன. மறுநாள் காலை அதைப் பக்கத்தில் ஏற்றி, கீழே எழுதினார்: 'அக்கா, இந்தப் பக்கம் முடிகிறது. இது என் எண்.'

போன் வரவில்லை. நான்காம் நாள் மாலை என் கதவைத் தட்டினார்.

"கம்ப்யூட்டர்ல பார்த்தேன் தம்பி. எண்ணிக்கை ஏறவே இல்ல. ஒரு நாள்கூட வரல. உடம்புக்கு ஏதாவது ஆயிருக்குமோ? எதுக்கும் நீ ஒரு தடவை பாரு."

அவர் அறைக்குப் போனேன். மேஜையில் சோப்பு டப்பா இருட்டாக இருந்தது.

"இது ஏண்ணே அணைஞ்சிருக்கு?"

"அட, இதோட அடாப்டரைத்தான் அன்னிக்கு மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன்." கேமரா பைக்குள் கைவிட்டு எடுத்துச் செருகினார். திரை கண் விழித்ததும் ஏழு மணிக்குக் காத்திராமல் ஒருமுறை இணையத்துக்குப் போய் வந்தது. நெளிந்தது. எண் வந்தது. கம்ப்யூட்டரில் சற்று முன் பார்த்ததைவிட ஒன்று கூடுதல்.

அடாப்டரைப் பிடுங்கி மறுபடி செருகினார். இன்னும் ஒன்று கூடியது.

எண்ணிக்கையைப் பார்த்து வர அது தினமும் பக்கத்தைத் திறந்திருக்கிறது. பக்கம் அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. கம்ப்யூட்டரை விலக்கத் தெரிந்தவருக்குத் தான் செய்த பொம்மையை விலக்கத் தோன்றவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தார். 

"அப்போ பதினோரு வருஷமா நான் அக்காகிட்ட பேசவே இல்லையா தம்பி?"

 வயரைச் சுருட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, அட்டையில் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் அட்டைச் சுருளோடேயே திரும்பி வந்தார். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"வேற யாரோ இருக்காங்க. அம்மா போன மறு மாசமே அக்கா வீட்டைக் காலி பண்ணிடுச்சாம். எங்கேன்னு தெரியலையாம். அப்ப வந்த தபாலையெல்லாம் பழைய பேப்பரோட போட்டுட்டோம்னு அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே சொல்லுது. அதும்மேல என்ன தப்பு."

ஆறு மாதத்தில் வெளியூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏழு பெட்டிகளை நானும் அவருமாக நான்கு மாடி இறக்கினோம். எனக்கு ஒரு டார்ச் கொடுத்தார். மழையில் நனைந்தாலும் எரிகிற டார்ச். கொஞ்ச நாள் போன் பண்ணினார். அப்புறம் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. வேலையையும் விட்டுவிட்டதாகக் கிளையில் சொன்னார்கள்.

இந்த வருட வாணவேடிக்கை முடிந்து ஒரு வாரம் இருக்கும். அலுவலக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வரவேற்பில் போன் எடுக்கும் பெண் பேச்சுவாக்கில் கேட்டார்.

"நம்ம சார்ஜர் எப்படி இருக்கார்? வருஷா வருஷம் வாணவேடிக்கை லீவுக்கு மறுநாள் காலையில ஒரு அம்மா போன் பண்ணி அவரைக் கேப்பாங்க. வேலைக்கு வந்திருக்காரான்னு கேப்பாங்க. வந்திருக்கார், லைன் தரவான்னா, வேண்டாம்மா, வந்திருந்தாப் போதும், ராத்திரி மாடியேறிப் போட்டோ எடுக்கிற ஆளு, அதான் கேட்டேன்னு வச்சிடுவாங்க. யாரோ கஸ்டமர்னு நினைச்சேன்."

"இந்த வருஷம்?"

"பண்ணாங்களே. மாத்தலாகிப் போயிட்டார்னேன். எந்த ஊருன்னு கேட்டாங்க. ஆளுங்க விவரமெல்லாம் வெளிய சொல்றதில்லம்மான்னு வச்சிட்டேன்."