இறங்கின பிறகு

வேங்கிக்காலில் அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மாதாமாதம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். என் ரோஸ்டர். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எந்த ஊருக்கு நான் விமானம் ஓட்ட வேண்டும் என்று கம்பெனி அனுப்பும் அட்டவணை. எனக்கு அது கைப்பேசியிலேயே வந்துவிடும். என் அக்காவுக்குத் தாளில் பார்த்தால்தான் நம்பிக்கை. கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள் அவள். நான் பறக்கும் நாளுக்குச் சிவப்பு வட்டம் போடுவாள், லீவு நாளுக்குப் பச்சை. ஓரத்தில் எனக்குச் சொல்ல வேண்டிய சேதிகளைப் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதுவாள். சொன்னதும் அடித்துவிடுவாள். சொல்ல முடியாமல் போனதற்கு ஒரு அம்புக்குறி போட்டு அடுத்த பச்சை வட்டத்துக்குத் தள்ளுவாள். "என்னையும் ஒரு பெண்டிங் ஃபைலாக்கிட்டியாக்கா?" என்று கேலி செய்வேன். "ஆமா, நீதான் ரொம்ப நாளா மூவ் ஆகாத ஃபைல்" என்பாள்.

நாங்கள் அடி அண்ணாமலையில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தவள் அக்கா ஒருத்திதான். அவளுக்கு வந்த வரன்களெல்லாம், தங்கச்சி படிப்பு முடியட்டும், பயிற்சி முடியட்டும் என்று தள்ளிப்போய், கடைசியில் வருவதே நின்றுபோனது. என் கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. நானும் கணவரும் பிரிந்தபோது மகளுக்கு இரண்டு வயது. இன்று ஹைதராபாத், நாளை கொல்கத்தா என்று அலைகிற துணை விமானி, சென்னையில் தனியாக ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அக்கா பஸ் ஏறி வந்தாள். குழந்தையின் துணிகளை இரண்டு பைகளில் திணித்தாள். "நீ பாட்டுக்கு உன் வேலையப் பாருடி. இவ என்கிட்ட இருக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு போனாள். நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது, அதைப் போட்டவள் நான். மகளுக்கு மூன்று வயதிருக்கும். நான் விமானத்தில் ஏறப்போகிற நேரத்தில் அக்கா போன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல் குறையவே இல்லை, என்ன பண்ணட்டும் என்று கேட்டாள். உடம்பும் மனசும் சரியாக இருந்தால்தான் விமானி ஏற வேண்டும். சரியில்லை என்றால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம். நான் சொல்லவில்லை. பிள்ளைக்காரி, காய்ச்சலுக்கெல்லாம் லீவு போடுகிறாள் என்று பெயர் வாங்கப் பயம். ஏறினேன். கன்ட்ரோல் டவரிலிருந்து எங்களுக்குப் பறக்கக் கொடுத்த உயரத்தைக் கருவியில் தப்பாகத் திருகி வைத்தேன். பக்கத்தில் இருந்த கேப்டன் கவனித்துச் சரிசெய்தார். "மனசு எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

அந்தக் கோபத்தையெல்லாம் அடுத்த முறை ஊருக்குப் போனபோது அக்காவின் மேல் கொட்டினேன். "பறக்கறதுக்கு முன்னாடி எதையும் சொல்லாதக்கா. என் பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருக்காங்க. எதுவா இருந்தாலும் இறங்கின பிறகு சொல்லு." அன்றிலிருந்து நான் எப்போது கூப்பிட்டாலும் அவளுடைய முதல் கேள்வி, "இறங்கிட்டியா?" அடுத்தது, "இன்னும் இருக்கா?" அன்றைக்கு இன்னும் ஃப்ளைட் இருக்கிறது என்றால் வெயிலைப் பற்றியும் குழம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவாள். இல்லை என்றால்தான் ஓரத்துச் சேதிகள் வரும். பல் விழுந்தது, டீச்சர் கூப்பிட்டு அனுப்பியது, குழந்தை என்னைக் கேட்டு அழுதது. எல்லாம் ஆறிப்போய்த்தான் என்னிடம் வந்து சேரும். ஆறினதைக் கேட்பது சுலபம். அதைத்தான் வீட்டையும் வேலையையும் நான் ஒழுங்காகச் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டேன், கேட்டவர்களிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன்.

பச்சை வட்டம் போட்ட நாளிலாவது நான் முழுசாக வந்தேனா என்றால் அதுவும் இல்லை. பௌர்ணமியில் லீவு விழுந்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மலை சுற்ற வந்த கூட்டத்துக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து வீடு சேர்வேன், சேர்ந்ததும் தூங்கிவிடுவேன். "சத்தம் போடாத, அம்மா நாளைக்குப் பறக்கணும்" என்று அக்கா மகளை அடக்குவது அரைத் தூக்கத்தில் கேட்கும். அக்கா இருந்த கடைசி வருஷம் ஒரு நாள் மூன்று பேருமாகக் கிரிவலம் கிளம்பினோம். அடி அண்ணாமலை வருவதற்குள் அக்கா மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "வயசாவுதுல்ல, கால் வலி ஜாஸ்தியா இருக்கு" என்றாள். காலைக் குறை சொன்னவளின் கை நெஞ்சின் மேல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். மறுநாள் காலை கிளம்ப வேண்டும் என்ற நினைப்பில் ஒன்றும் கேட்கவில்லை.

அது நடந்த அன்று எனக்கு நான்கு பயணங்கள். ஹைதராபாத் போய்த் திரும்ப வேண்டும், பிறகு கோயம்புத்தூர் போய்த் திரும்ப வேண்டும். முதல் இரண்டை முடித்துச் சென்னையில் நின்றிருந்தபோது அக்காவைக் கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. "இறங்கிட்டியாம்மா?" என்றாள். இறங்கிட்டேன் என்றேன். "இன்னும் இருக்கா?" இன்னும் ரெண்டு இருக்கு, பெரியம்மா எங்கே என்றேன். "படுத்திருக்காங்க. நீ எல்லாம் முடிச்சிட்டுப் பேசு" என்றாள். ஸ்கூலுக்கு ஏன் போகவில்லை என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போனை அணைத்துவிட்டு மறுபடி ஏறினேன். கோயம்புத்தூர் போகும் வழியில் வானம் தெளிவாக இருந்ததால் கீழே எங்கள் மலை தெரிந்தது. கேப்டனிடம் கையைக் காட்டி, "அங்கதான் சார் எங்க அக்கா இருக்கா, அவதான் என் பொண்ண வளர்க்கறா" என்றேன். கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார் அவர்.

நான்கும் முடிந்து சாயங்காலம் கூப்பிட்டேன். "இறங்கிட்டியா? இனிமே இல்லல்ல?" என்று மகள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு, "பெரியம்மா செத்துட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் அழுதாள். காலையில் அடுப்படியில் விழுந்திருக்கிறாள் அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. அம்மாவுக்குப் போன் போடு என்று எல்லோரும் சொல்ல, இவள் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்துவிட்டு, "அம்மா இன்னும் இறங்கல" என்றிருக்கிறாள். வேறு யாரும் என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாதென்று அக்காவின் போனையும் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. நான் சென்னையில் நின்றிருந்த அந்த நேரத்தில் வெறும் தரையில்தான் நின்றிருந்தேன். டாக்ஸி பிடித்திருந்தால் மத்தியானத்துக்குள் வீட்டில் இருந்திருப்பேன். அத்தனை பேருக்கு நடுவிலும் ஒரு பிள்ளை தனியாகப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு மணி நேரம் எனக்காகக் காத்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பழைய ரோஸ்டர்களை எடுத்துப் பார்த்தேன். அக்கா அத்தனையையும் துளையிட்டு நூல் கோத்து வைத்திருந்தாள். ஃபிரிட்ஜில் இருந்ததையும் சேர்த்துக் கடைசி நான்கு தாள்களின் ஓரத்திலும் ஒரு வரி அடிக்கப்படாமல் இருந்தது. முதலில், "மூச்சு வாங்குது, சொல்லணும்." அம்புக்குறி. பிறகு, "டாக்டர் வேலூர் போவச் சொன்னார், கூட ஒரு ஆள் வேணும்." அம்புக்குறி. ஒவ்வொரு பச்சை வட்டத்திலும் நான் வந்திருக்கிறேன், தூங்கியிருக்கிறேன், கிளம்பியிருக்கிறேன். கடைசி அம்புக்குறி, அவள் செத்து நான்கு நாள் கழித்து வரவிருந்த ஒரு பச்சை வட்டத்தைத் தொட்டு நின்றது. எனக்கு என் மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

இப்போது மகளுக்குப் பதினாறு வயது. என்னோடு சென்னையில் இருக்கிறாள். நான் கேப்டன் ஆகிவிட்டேன். இந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ரோஸ்டர் இருக்கிறது. நான் ஒட்டவில்லை, அவள்தான் பிரிண்ட் எடுத்து ஒட்டுகிறாள். சிவப்பு வட்டம், பச்சை வட்டம். எதுவா இருந்தாலும் அந்த நிமிஷமே சொல்லு என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. சரிம்மா என்பாள். தாளின் ஓரத்தை நான் தினமும் பார்ப்பேன். காலியாகத்தான் இருக்கும்.

நேற்று சாயங்காலம் பார்த்தபோது அங்கே பென்சிலில் ஒரு அம்புக்குறி இருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, அம்புக்குறி மட்டும். அவள் அறைக்கு ஓடினேன். அழுது முகம் வீங்கிப் படுத்திருந்தாள். என்னடி ஆச்சு என்றேன். "ஒண்ணுமில்லம்மா. காலையில உனக்கு ஃப்ளைட் இருக்குல்ல, வந்ததும் சொல்றேன்" என்றாள். அவள் கண் முன்னாலேயே ஆபீஸுக்குப் போன் செய்து, மனசு சரியில்லை, நாளை என்னால் பறக்க முடியாது என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்கு நான் எங்கேயும் போகல. இப்ப சொல்லு" என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று தாளில் விரலை வைத்து, நாளைய கட்டத்தைத் தாண்டி அடுத்த நாளின் சிவப்பு வட்டத்துக்கு நகர்த்தினாள்.

"நாளன்னிக்கும் இருக்கேம்மா" என்றாள்.