உம்மா தோற்ற தேர்தல்

உம்மா தேர்தலில் தோற்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

எத்தாளையில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தோட்டத்து உரம் இறங்கி, தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிருந்தது. உம்மா பெண்களைத் திரட்டிக்கொண்டு, வெற்றுக் கேன்களோடு பிரதேச சபை வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தார். நான்காம் நாள் தண்ணீர் பவுசர் வண்டி வந்தது. அதன்பிறகு பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை, அடி வாங்கிய மனைவி என்று யாருக்கு என்ன நடந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அடுத்த தேர்தலில், வேட்பாளர் பட்டியலில் பெண்கள் போதவில்லை என்று ஒரு கட்சியின் ஆட்களும் வந்தார்கள். உம்மா சம்மதித்தார்.

வாப்பாவுக்குக் கட்டாரில் வேலை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. உம்மா வீடு வீடாக நோட்டீஸ் கொண்டுபோன அந்த ஒன்றரை மாதமும், பள்ளிக்கூடம் விட்டு வந்து, பக்கத்து வீட்டுச் சாச்சியிடம் சாவி வாங்கி, மூடிவைத்த சோற்றைத் தனியாகத் தின்றேன். உம்மாவின் படம் போட்ட நோட்டீஸ் ஒன்றை எதிர்க் கதிரையில் சாய்த்துவைத்து, வகுப்பில் நடந்ததையெல்லாம் அதற்குச் சொல்வேன். ஒருநாள் காற்று அதைக் கவிழ்த்துவிட்டது. நிமிர்த்தாமலே சாப்பிட்டு முடித்தேன். வாக்களிப்புக்கு முந்தின நாள் மஃரிப் தொழுதுவிட்டு அந்தத் துஆவைக் கேட்டேன்.

கேட்டது கிடைத்தது. முடிவு வந்த மறுநாள் உம்மா எங்கும் போகவில்லை. சோற்றுக்கு மீனாணம் காய்ச்சினார். பின்னேரம் என்னை முன்னால் இருத்தித் தலைவாரிக்கொண்டிருந்தார். வாசலில் யாருடைய செருப்பும் இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

சாச்சி மட்டும் வந்தார். உம்மாவோடு மூன்று நாளும் சபை வாசலில் இருந்தவர். உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"எல்லாரும் உங்களுக்குத்தான் போட்டாங்களாம் ராத்தா. எங்க பிழைச்சதெண்டு விளங்கல்ல."

"எங்கட பெட்டியில எனக்குப் பதினேழு வோட்டு," என்றார் உம்மா. "சபை வாசல்ல என்னோட நாப்பது பேர் இருந்தாங்க."

சாச்சி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "வீட்ல அவர் ஒண்டு சொன்னாப் பிறகு, நான் என்ன செய்ற..."

"நான் உங்களக் கேக்கல்லயே தங்கச்சி. இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

வேலை இருக்கிறது என்று சாச்சி போய்விட்டார். நான் கேட்டேன்:

"இனி வீட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்கதானே உம்மா?"

"ஓம் மகள். வர மாட்டாங்க."

சீப்பு என் தலை நடுவில் நின்றுவிட்டது. முடியில் சிக்கு விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். உம்மாவுக்கு இலேசாக இருக்கட்டும் என்று தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.