தம்பி சொல்லும் சுத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆவி, அசரீரி இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. அதற்கு என் வேலையும் ஒரு காரணம். புனேவில் ஹடப்சர் பக்கம் ஒரு காது மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிப்பவள் நான். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, எந்த ஒலி கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்ப்பேன். செத்துப்போன புருஷன் கூப்பிடுகிறார் என்று அழுதுகொண்டு வந்தவர்களும் உண்டு, அது மூளை செய்கிற வேலை, பயப்படாதீர்கள் என்று நானே அவர்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா புனேவுக்கு வேலைக்கு வந்தார், கன்டோன்மென்ட் பக்கமே வீடு, அவர் போன பிறகு அம்மா, நான், தம்பி ஜெபராஜ் மூன்று பேர்தான். தம்பி இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பாதி இந்தி பாதி மராத்தி, மிச்சமிருந்தால் தமிழ். சின்ன வயதில் பரமண்டல ஜெபத்தைக் காதால் கேட்டே படித்தானா, கடவுள் விருப்பப்படியே ஆகட்டும் என்று ‘உம்முடைய சித்தம்’ வருகிற இடத்தில் ‘உம்முடைய சுத்தம்’ என்பான். அம்மா திருத்தித் திருத்திப் பார்த்தாள். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும், “சாமியும் சுத்தமாத்தானம்மா இருக்கும், விடு” என்று சிரிப்பான்.

சிஞ்ச்வட்டில் வண்டி பாகங்கள் செய்கிற பட்டறையில் அவனுக்கு வேலை. வெட்டிப்போட்ட இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைக் கடைந்து மோதிரமாக்கி, மேலே அரத்தால் ஒரு சிலுவை கீறிப் போட்டுக்கொண்டான். போன வருஷம் மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஜெபித்தேன் பாருங்கள், அப்படி ஒரு விசுவாசத்தோடு வாழ்க்கையில் நான் எதையும் கேட்டதில்லை. எழுந்துவிடுவான் என்று டாக்டரிடமே அடித்துச் சொன்னேன். எழவில்லை. நர்ஸ் அந்த மோதிரத்தைப் பஞ்சுத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். எனக்கு மற்ற விரல் எதிலும் நிற்காது, கட்டைவிரலில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கோயிலுக்குப் போனேன், பாடினேன், எல்லாம் செய்தேன், ஆனால் அந்த ஒரு வரி வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். நான் கேட்டது என்ன, ஆண்டவர் செய்தது என்ன, இதற்குமேல் உம்முடைய சித்தம் என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் சொன்னேன். “சொல்ல முடியலன்னா சொல்லாதம்மா. அந்த வரிக்கு மட்டும் சும்மா நில்லு, அதுவும் ஜெபந்தான்” என்றார். அது எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் நான் அந்த இடத்தில் நின்றுவிடுவதும், அவள் குரல் மட்டும் தனியாகப் போவதும்.

ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பிடித்துக்கொண்டாள். “ஏட்டி ஜெசி, மோதிரத்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கியே, அத அவன் எதுக்குப் போட்டிருந்தான்னு நெனச்சுப் பாத்தியா?”

“நீ சொல்லிக்கோம்மா. என்னால முடியாது” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல்கூட வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது, ஆஸ்பத்திரி வாசலில் கிடைத்த ஆட்டோவில் ஏறினேன், டிரைவர் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டார். ஃபாத்திமா நகர் பக்கம் வண்டி அப்படியே நின்றுவிட்டது, முன்னால் பஸ், பின்னால் லாரி. அம்மாவுக்குச் சொல்லலாமென்று பையைத் துழாவினால் போன் இல்லை, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். அங்கே அம்மா தனியாக ஜெபத்துக்கு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்ததும் மனசு கேட்கவில்லை. மோதிரத்தைத் திருகிக்கொண்டே நானும் ஆரம்பித்தேன். மனதுக்குள்தான், உதடுகூட அசையவில்லை. அந்த இடம் வந்தது, வழக்கம்போல நின்றேன்.

“உம்முடைய சுத்தம்.”

ஆண் குரல். மெதுவாக, தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல. சொல்லி முடித்து மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு.

இருந்ததே நானும் டிரைவரும்தான். “தமிழ் தெரியுமா?” என்று அவரிடம் தமிழிலேயே கேட்டுவிட்டேன். கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். அதற்குள் வண்டி நகர்ந்தது.

வீட்டுக்குப் போனால் அம்மா பைபிளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், இன்னும் ஆரம்பிக்கவேயில்லை. ஈரத் துணியோடு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வரி வந்தபோது என் வாயிலிருந்து ‘உம்முடைய சுத்தம்’ என்றுதான் வந்தது. அம்மா நிறுத்திவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள், பிறகு என் கையை, மோதிரத்தோடு சேர்த்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளும் “சுத்தம்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம், எது எப்போது என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து அந்த வரியில் நான் நின்றதில்லை.

ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் முதல் வேலையாக என்னையே அந்த அறைக்குள் உட்காரவைத்து, கூட வேலை செய்கிற பெண்ணைச் சோதிக்கச் சொன்னேன். காதில் ஒரு குறையும் இல்லை. சரி, துக்கம்தான், மற்றவர்களுக்குச் சொன்னதை நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன். நிஜமாகவே நிம்மதியாக இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அதே டிரைவரை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். ஷிண்டே என்று பெயர், நடுத்தர வயது, நல்ல மனிதர். இந்தியில்தான் பேசினோம். அன்றைக்கு நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

“நான் எங்க பேசினேன்? நீங்கதானே போன்ல பேசிட்டு வந்தீங்க.”

“போனா?”

“ஆமா, ஸ்பீக்கர்ல. ஒரு ஆம்பளக் குரல். ஏறினதுலேர்ந்து அவர் பேசிட்டேதான் வந்தார். ரொம்ப சிரிக்கிற ஆளு போல. உங்க பாஷை எனக்குப் புரியல, ஆனா கேக்க நல்லா இருந்துச்சு.”

எனக்குக் கேட்டது அந்த இரண்டே சொல். என் போன் இந்தக் கட்டிடத்துக்குள் டிராயரில் பூட்டியிருந்தது. மூளை செய்கிற வேலை என்றால் அது என் மூளைதானே செய்ய வேண்டும், ஷிண்டேயின் காதில் எப்படி விழும்? அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். தம்பி வந்தான் என்றால் வந்துவிட்டுப் போகட்டும், அவனிடம் எனக்கென்ன பயம்?

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

“கடைசியில அவர் உங்ககிட்ட ஏதோ கேட்டுட்டே இருந்தார், திரும்பத் திரும்ப. நீங்களும் பதில் சொன்னீங்களே. அந்த ஒண்ணு மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு” என்றவர், நான் சொன்ன மாதிரியே, சுத்தமான தமிழில் சொல்லிக் காட்டினார்.

“சரி. சரி. சரி.”

எதற்குச் சரி சொன்னேன்?