என் முகத்துக்கு ஒரு லென்ஸ்

தம்பி கேமரா வாங்கப் போகிறான் என்றால் அதில் எனக்கென்ன வேலை என்று கேட்டுவிட்டு அன்றைக்கு நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து, பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி இந்தப் பக்கம் தீவுக்கு வந்து இறங்கியதுமே அம்மா ஃபோன் பண்ணினார்.

"நேரா கொம்தார் பக்கத்துக் கடைக்குப் போயிடு. தம்பி அங்கதான் நிக்கிறான். ஒன் முகத்த வச்சுப் பாத்துதான் வாங்கணும்னு சொல்லிட்டேன்."

ரவிக்கைத் துணியைப் புடவை மேல் வைத்துப் பார்த்து வாங்குவதைப் போல என் முகத்தை வைத்துப் பார்த்துக் கேமரா. எரிச்சலாக இருந்தது. எரிச்சலோடுதான் போனேன்.

என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடது வாயோரத்தில் தொடங்கித் தாடை வழியாகக் காதுக்குக் கீழ் வரைக்கும் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் ஐந்து காசு அளவில் வந்தது, முப்பதுக்குள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, பிறகு பரவவில்லை. தோலின் நிறம் போய்விடுகிற சங்கதி. வலிக்காது, ஒட்டாது, போகவும் போகாது. மூன்று டாக்டர்களும் ஒரு சித்த வைத்தியரும் களிம்பு கொடுத்து ஓய்ந்துவிட்டார்கள். நானும் பழகிவிட்டேன். வீட்டில்தான் பழகவில்லை. மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. விளக்குக்கு அடியில் வைத்து, கீறலும் புள்ளியும் இருக்கிற சாமானை ஒதுக்க வேண்டும். அதற்குச் சம்பளம் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் என்னைப் பரிசோதிக்க அம்மா நிற்பார் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான்: ஒரு பயோடேட்டா, ஒரு ஃபோட்டோ. பயோடேட்டாவில் 'நிறம்' என்று ஒரு வரி வரும். அம்மா 'மாநிறம்' என்று போடச் சொன்னார். 'இரண்டு நிறம்' என்று போடலாமே என்றேன். அதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். கோயில் வாசலில் நேராக நின்று ஃபோனில் எடுத்த படத்தை அதுவரை மூன்று இடங்களுக்கு அனுப்பியிருந்தோம். இரண்டு இடங்களில் நீல டிக் விழுந்ததோடு சரி. மூன்றாவது இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். அவர்கள் எங்களிடம் ஜாதகமே கேட்டு வாங்கவில்லை.

நான்காவதாக வந்தது தைப்பிங் இடம். டெக்னீஷியன் வேலை, நாற்பது வயது. தன்னுடைய பயோடேட்டாவில் 'சமைப்பேன், மழை பிடிக்கும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். வந்த படத்தில் வீட்டுக்கு முன்னால் சிலிப்பர் போட்டுக்கொண்டு, தொப்பையை உள்ளே இழுக்காமல் நின்றிருந்தார். வெளியில் நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று எனக்கு மனதார ஆசை வந்துவிட்டது. முந்தின மூன்று இடங்களிலும் இந்த ஆசை வரவில்லை என்பதால் அவை போனது உறைக்கவில்லை.

தம்பிக்கு வேறு கவலை. இரண்டு மாதத்தில் நண்பர்களோடு இந்தியா போகிறான். மதுரை, தஞ்சாவூர், ராமேஸ்வரம். ஆறு மாதமாக யூடியூபில் கேமரா பார்த்துக்கொண்டிருந்தான். பையில் அடங்குகிற மாதிரி சின்ன கேமரா பாடி என்று முடிவு செய்துவிட்டான். லென்ஸில்தான் மாட்டிக்கொண்டான். ஒன்றுதான் வாங்க முடியும். கோபுரம், தெரு, கூட்டம் எல்லாவற்றையும் அகலமாக எடுக்கிற ஸூம் ஒன்று இருந்தது. முகத்துக்கென்றே செய்த, ஸூம் ஆகாத லென்ஸ் இன்னொன்று. சாப்பிடும்போது கரண்டியையும் கிளாஸையும் நகர்த்தி வைத்து எனக்கு வகுப்பு எடுப்பான். அகலமானதைத்தான் வாங்குவான் என்று எனக்குத் தெரியும். பிரயாணத்துக்குப் போகிறவன் வேறு எதை வாங்குவான்? ஆனால் அம்மா கட்டளை போட்டுவிட்டார். "அக்காவுக்கு எது நல்லா வருதோ அத வாங்கு. கோபுரம் எங்கயும் ஓடிப் போயிடாது லா."

கடைக்காரர் ஒரு வயதான சீனர். மலாயில் பேசினார். என்னைச் சின்ன முக்காலியில் உட்கார வைத்து, முதலில் ஸூமை மாட்டி, பக்கத்தில் வந்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். என் மூக்கு எனக்கு முன்னால் கிளம்பி வந்திருந்தது. அதற்குப் பின்னால் தாடை, தாடையில் திட்டு, பளிச்சென்று. கிட்டே போய் அகலமாக எடுத்தால் யாருக்கும் இப்படித்தான் வரும், முகத்துக்கு நீளமான லென்ஸ் வேண்டும், ஆள் தள்ளி நிற்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டாவதை மாட்டினார். வாயைப் பெரிதாகத் திறந்து வைத்தால் கிட்டே இருக்கிற கண் மட்டும் கூர்மையாக விழும், மற்றதெல்லாம் கரைந்துவிடும் என்றார். லென்ஸின் வாயைத்தான் சொன்னார். பிறகு, எந்தப் பக்கம் உங்களுக்கு நல்ல பக்கம் என்று சாதாரணமாகக் கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் தம்பி, "கானான்" என்று மலாயில் சொல்லிவிட்டான். வலது பக்கம். பஸ் எங்கே திரும்பும் என்று கேட்டவனுக்குச் சொன்ன மாதிரி சொன்னான். இவ்வளவு வருஷமாக என் முகத்தை இவனும் கணக்குப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கடைக்காரர் என் முக்காலியைத் திருப்பி, தள்ளிப்போய் நின்று ஒரு படம் எடுத்தார்.

கேமராவின் பின்னாலிருந்த சின்னத் திரையில் பார்த்தேன். வலது கண் தெளிவாக இருந்தது. இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. இடது தாடை நிழலில் கரைந்து, கடையின் அலமாரியோடு அலமாரியாகப் போயிருந்தது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

"ஃபில்டர் இல்ல, எடிட்டிங் இல்ல. ஒன் மூஞ்சிதான் லா இது" என்றான் தம்பி, தானே செய்த முகம் போலப் பெருமையாக. "எது வாங்கட்டும்க்கா? நீ சொல்லு."

ஸூமை வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஊருக்குப் போய்ட்டு வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "ஒன் இஷ்டம்" என்றேன். அப்படிச் சொன்னால் அவன் எதை வாங்குவான் என்று தெரிந்துதான் சொன்னேன். முகத்து லென்ஸை வாங்கினான். பிறகு மதுரையிலிருந்து அவன் அனுப்பிய படங்களில் முழுக் கோபுரம் ஒன்றுகூட இல்லை. ஒரு பொம்மை, இன்னொரு பொம்மை, ஒரு புறா. தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றும் அடங்கவில்லையாம்.

மறுநாள் வீட்டில் படம் எடுத்தோம். ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டின் ஹால் அந்த லென்ஸுக்குப் போதவில்லை. தள்ளிப் போய்ப் போய்த் தம்பி வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்றான். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் புடவை கட்டியாகிவிட்டது, பூ வைத்தாகிவிட்டது. வலது பக்கம் ஜன்னல் வெளிச்சம் விழ உட்கார்ந்திருந்தேன். பத்துப் பதினைந்து எடுத்தான்.

"நேரா ஒண்ணு எடு" என்றேன்.

லென்ஸின் வாயைச் சுருக்கி நேராகவும் ஒன்று எடுத்தான். அதில் என் முகம் முழுவதும் இருந்தது. திட்டின் ஓரத்தில் இருக்கிற சின்னச் சின்ன நெளிவுகூடத் தெரிந்தது. "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். இரண்டையும் என் ஃபோனுக்கும் அம்மா ஃபோனுக்கும் அனுப்பினான். நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அம்மா தைப்பிங்குக்குப் பக்கவாட்டுப் படத்தை அனுப்பிவிட்டார். கத்தினேன். அம்மா அழுதார். எங்கள் வீட்டில் அம்மா அழுதால் வழக்கு அங்கேயே தள்ளுபடி.

"மொதல்ல அவங்க வரட்டும்டி. வந்து ஒன் கொணத்தப் பாக்கட்டும். அந்தக் கோயில் படத்த அனுப்பி யாரு வந்தா?" என்று கேட்டார்.

தைப்பிங்கில் படம் பிடித்துவிட்டது. பெரியவர்கள் பேசி முடித்ததும் மாப்பிள்ளை என்னுடைய நம்பரை வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக முடிவானது. அந்த இரண்டு வாரமும் தினமும் காலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது. 'பசியாறியாச்சா?' என்று கேட்பார். மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் அன்றைக்கு மழையா, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சொல்வார். ஒரு நாள் தான் வைத்த மீன் குழம்பைப் படம் எடுத்து அனுப்பினார். உப்புக் கூடிப்போச்சு என்று அவரே எழுதியிருந்தார். என் படத்தைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். 'படத்துல ஒங்க கண்ணு சிரிக்குது.' அதை எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

நேராக எடுத்த படம் என் ஃபோனிலேயே இருந்தது. தினமும் ஃபெர்ரியில் மோட்டாரோடு நிற்கும்போது அதைத் திறப்பேன். ஒரு காலையில் முழுசாக எழுதியும்விட்டேன். 'உங்களிடம் ஒன்று சொல்லணும். இதுதான் என் முகம். முன்னாடி அனுப்பினதில் பாதிதான் இருந்தது.' படத்தையும் சேர்த்தாகிவிட்டது. விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அதற்குள் அவரிடமிருந்து 'இன்னிக்கு இங்க வெயில், அதிசயம்' என்று வந்தது. இன்னும் ஒரு நாள் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்து, எழுதியதை அழித்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். என் கை எனக்கே அடங்கவில்லை. யாரும் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை, ஆனாலும் முடியவில்லை. அந்தப் படத்துப் பெண்ணாக இருக்கிற சுகத்தை விட முடியவில்லை என்பதுதான் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா காலையிலேயே என் முகத்தில் ஒரு கிரீமைப் பூசிவிட்டார். அரிக்கத் தொடங்கியது. குளியலறைக்குப் போய்க் கழுவிவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை மட்டும் மாற்றிப் போட்டார், சோபாவில் இருப்பவர்களுக்கு என் வலது பக்கம் தெரிகிற மாதிரி. நான் அதில் உட்காரவில்லை. கோப்பித் தட்டை வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவர்களுக்கு நேராக உட்கார்ந்தேன்.

அவரும் அவருடைய அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். அவருடைய அம்மா என்னைப் பார்த்தார், கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தார், பிறகு பாலத்தில் ஜாம் அதிகம் என்றார். மாமா ஆமாம் என்றார். மாப்பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. யாராவது ஒருவர் இது என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்பார்கள் என்று வாயில் பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு மரியாதையான மனிதர்கள். கேசரி நன்றாக இருக்கிறது என்றார்கள், இன்னொரு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள், முக்கால் மணி நேரம் பாலத்தையும் பெட்ரோலையும் பேசினார்கள். தம்பி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

கிளம்பும்போது அவருடைய அம்மாவும் மாமாவும் முன்னால் இறங்கிவிட்டார்கள். என் அம்மா வழியனுப்பப் பின்னாலேயே போனார். மாப்பிள்ளை மட்டும் வாசலில் குனிந்து காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். நிமிராமலேயே சொன்னார்.

"அந்த ஃபோட்டோவப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லீங்க. எல்லா வீட்லயும் நல்லதாப் பாத்துத்தான் அனுப்புவாங்க. ஆனா ரெண்டு வாரமா நாம பேசிக்கிட்டுதானே இருந்தோம். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்கம்மாகிட்ட பேசி வச்சுட்டு வந்திருப்பேன்."

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் செய்தி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கழித்து அவருடைய மாமா ஃபோன் பண்ணி, இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கிறார்கள் என்றார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். தம்பி கேமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"என்னாலதான்க்கா. அந்தப் படத்த நான் எடுத்திருக்கவே கூடாது. நேரா எடுத்ததயே அனுப்பியிருக்கணும்."

உன்னால் இல்லடா, இரண்டு வாரம் அந்த நேர்ப் படம் என் கையில்தான் இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. சரி விடு என்று மட்டும் சொன்னேன். கோபுரம் அடங்காத அந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு அவன் இந்தியா போய்த் திரும்பியும் வந்துவிட்டான். வாசலில் அவர் சொன்னதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. அக்காவின் வாழ்க்கை தன்னால் கெட்டது என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.