நாயகி முகத்தில் பூசிய மண்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு பிரம்மநாயகியின் வீடு. அவளும் நானும் ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு இரண்டு பேரையும் வீட்டில் உட்கார வைத்ததும் ஒரே வருஷம்தான். அதற்குப் பிறகுதான் எங்கள் பாதை பிரிந்தது. என்னை அதே தெருவில் இருந்த தாய்மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். அதனால் என்னை யாரும் பெண் பார்க்க வரவில்லை. என் மூக்கு எப்படி, நிறம் எப்படி என்று யாரும் விசாரிக்கவும் இல்லை. நாயகிக்கு முறைமாப்பிள்ளை கிடையாது. அவள் சொந்தமில்லாத அசலில்தான் வாழ்க்கைப்பட்டுப் போயாக வேண்டும்.

நாயகி கருப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தால் பளபளவென்று இருக்கும் கருப்பு. முகத்தில் ஒரு பரு கிடையாது, ஒரு தழும்பு கிடையாது, உடம்பிலும் கிடையாது. ஒன்றாகக் குளித்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு அது தெரியும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் ஊர் வேறு மாதிரி சொல்லும்.

அவளுடைய அப்பா அம்பலவாணன் பிள்ளை கோயில் ஆபீஸில் கிளார்க். அம்மா காந்திமதியம்மாள். சின்னவள் வடிவு, பாவாடை சட்டை போட்டுத் திரிந்து கொண்டிருந்தாள். நாயகிக்கு முதலில் வந்த இரண்டு இடமும் கேசரியைத் தின்றுவிட்டு, பெண் நிறம் கொஞ்சம் மட்டு என்று சொல்லி அனுப்பினார்கள். வந்த மாப்பிள்ளைகள் என்ன நிறம் என்று கேட்காதீர்கள். அதை யார் பார்த்தார்கள்?

இரண்டாவது இடமும் தட்டிப்போன பிறகுதான் நாயகி பத்திரிகையில் அழகுக் குறிப்புப் படிக்கத் தொடங்கினாள். செல்லப்பா என்பவர் சைக்கிளில் பை மாட்டிக்கொண்டு வாரப் பத்திரிகைகளை வீடு வீடாக வாடகைக்குக் கொடுப்பார். இன்று கொடுத்தால் நாளை திரும்ப வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் தொடர்கதைக்கு அடித்துக்கொள்வார்கள். நாயகி நேரே ‘சுகுணா அக்கா’ எழுதும் அழகுப் பக்கத்துக்குப் போய்விடுவாள். ஒரு தரம் படித்தால் போதும், அப்படியே ஒப்பிப்பாள். அந்தச் சுகுணா அக்கா மெட்ராஸில் மீசை வைத்த ஆம்பிளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பொம்பிளையாக இருந்திருந்தால், காலையில் ஐஸ் கட்டியால் முகத்தைத் துடையுங்கள் என்று எழுதியிருக்க மாட்டாள். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம் அது. பாலாடை பூசு என்றும் எழுதியிருந்தது. எங்கள் பால்காரர் ஊற்றுகிற பாலில் என்றைக்கு ஆடை படிந்தது? தக்காளியைப் பிழிந்து முகத்தில் தேய்த்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு ரசத்தில் தக்காளி இல்லை.

ஆனால் அவள் கை நல்ல கை. வட்ட முகத்துக்கு எப்படிச் சீவ வேண்டும், குட்டைக் கழுத்துக்கு எங்கே பூ வைக்க வேண்டும், மையை எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தைப் படித்துப் படித்தே அவளுக்கு வசப்பட்டுவிட்டது. தெருவில் சடங்கு என்றாலும் கல்யாணம் என்றாலும் நாயகியைத்தான் கூப்பிடுவார்கள். என் கல்யாணத்துக்குச் சடை தைத்து என்னை ஜோடித்ததும் அவள்தான். அன்றைக்குக் கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

எழுபத்தேழில் சிவகிரியிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்தான். போட்டோவைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாகத் தரகர் முத்துக்குமாரசாமி சொல்லிவிட்டுப் போனார். இதுவும் அமையாவிட்டால் அடுத்தது இரண்டாம் தாரத்துக்குத்தான் பார்க்க வேண்டும் என்று காந்திமதியம்மாள் மகளின் காதுபடவே சொன்னாள். பையனின் போட்டோவை நாயகி யாருக்கும் தெரியாமல் எடுத்து எடுத்துப் பார்த்தது எனக்குத் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சுகுணா அக்கா முல்தானி மட்டியைப் பற்றி எழுதினாள். பன்னீரில் குழைத்துத் தினமும் பூசினால் சில வாரங்களில் நிறம் கூடுமாம். பஜாரில் அத்தர், பன்னீர், பவுடர் விற்கிற மைதீன் பாட்சாவிடம் போய் நாயகி கேட்டாள், நானும் கூடப் போயிருந்தேன். அவர் நல்ல மனுஷன். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லி, மதுரைக்கு எழுதிப் போட்டார். சரக்கு வரவில்லை. மறுபடி போனபோது அவருக்கே சங்கடமாகிவிட்டது.

“வடக்க வெட்டி எடுக்குத மண்ணாம்மா அது. விசாரிச்சுட்டேன். மண்ணுக்குப் போயி மதுரைக்கு எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கோம் பாருங்க” என்று சிரித்துக்கொண்டே பன்னீரை மட்டும் கொடுத்தார்.

மண் என்றதும் நாயகிக்கு எங்கள் கோயில் புற்றுமண் ஞாபகம் வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பெரிய பிரசாதம். சொறி, சிரங்கு, படை, தேமல் என்று உடம்பில் எது வந்தாலும் அம்மனை நினைத்து ஒரு விரல் எடுத்துப் பூசுவார்கள், கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். சுற்றுப்பட்டு கிராமத்திலிருந்தெல்லாம் அதற்காகவே வருவார்கள். சலித்த மாவு மாதிரி இருக்கும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். இதைவிட நல்ல மண் வடக்கே எங்கே கிடைக்கப் போகிறது என்று நாயகி கேட்டாள். அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது.

மறுநாளிலிருந்து காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவாள். ஒரு விரல் எடுத்தால் முகத்துக்குப் போதுமா? சின்னச் சம்புடம் ஒன்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய் நிறைய அள்ளி வருவாள். ஆபீஸ்காரர் மகள் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கொல்லையில் உட்கார்ந்து பன்னீரில் குழைத்துப் பூசிக்கொண்டு, காய்கிற வரை பேசாமல் இருப்பாள். பேசினால் சுருக்கம் விழும் என்று எழுதியிருந்ததாம். நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். கண்ணால் மட்டும் முறைப்பாள்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஏதோ சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகக் கண்டதுபோல இரண்டு பக்கமும் நடந்துகொள்ளும். பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் அப்படியே பஸ் ஏறிப் போய்விடுவார்கள், யாருக்கும் அவமானம் இல்லை. இதில் மாப்பிள்ளை வீட்டுப் பொம்பிளைகளுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. சொன்ன நாளுக்கு முந்தியே வந்து, பவுடர் பூசாத முகத்தைப் பார்த்துவிடுவார்கள். சிவகிரிக்காரர்களும் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டுப் புதன்கிழமையே வந்தார்கள். பையனின் அம்மாவும் அத்தையும்தான்.

அவர்கள் கண்ணில் பட்டது, புற்றுமண் வைத்திருக்கிற இடத்தில் குனிந்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சம்புடம் நிறைய மண்ணை அள்ளிய நாயகி. போட்டோவில் பார்த்த முகம்தானா என்று சந்தேகம் வந்ததால் பூக்காரி முருகம்மாளிடம் விசாரித்திருக்கிறார்கள். முருகம்மாளே பின்னால் என்னிடம் அழுதுகொண்டு சொன்னாள்.

“கோயில் ஆபீஸ் பிள்ளை மகதான். தங்கமான பிள்ளை. தெனமும் வருவா, அம்மன் மண்ணு எடுக்காமப் போகமாட்டா.” இதுதான் முருகம்மாள் சொன்னது. பக்திக்காரி என்று பெருமையாகத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நாயகி வீட்டில் விடிகாலையிலேயே அடுப்பு எரிந்தது. அவள் வெளிர் மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். கருப்பு நிறத்துக்கு அதுதான் எடுக்கும் என்று சுகுணா அக்கா எழுதியிருந்தாள். உண்மையாகவே நன்றாக இருந்தாள். கோயிலுக்குக் கூப்பிட ஆள் வரும் என்று பூ வாடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம், யாரும் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் தரகர் மட்டும் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“பொண்ணுக்கு மேலுல என்னமோ தோல் வியாதி இருக்காமே. மறைச்சுத் தள்ளிவிடப் பாக்கியளோன்னு கேக்காவ” என்றார்.

அம்பலவாணன் பிள்ளை தரகரை வெளியே உட்கார வைத்துவிட்டு, மகளை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார். அவள் முல்தானி மட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் அங்கேதான் நின்றேன். இதைத் தரகரிடம் அப்படியே சொல்லிவிட்டால் தீர்ந்தது, சிவகிரிக்காரர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தேன். பிள்ளைவாள் முகம் வெளுத்துவிட்டது.

“அம்பாள் பிரசாதத்த மூஞ்சியில அப்பி எம் மக நெறம் ஏத்தப் பாத்தாள்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? கோயில் சம்பளம் வாங்கித் திங்கவன்ட்டி நான்.”

தரகரிடம் அவர் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னார். ஒன்றும் இல்லாதவள் எதற்குத் தினமும் மண் எடுக்கிறாள் என்று தரகர் கேட்டார். பிள்ளைவாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த மனுஷன் மேல் இன்றைக்கு வரைக்கும் கோபம் தீரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் மகள் வாழ்க்கை நிமிர்ந்திருக்கும். அவர் ஆபீஸ் நாற்காலியை நினைத்தார்.

அப்பா வாயை மூடிக்கொண்டார் என்றால், அம்மா ஊரறியச் செய்துவிட்டாள். காந்திமதியம்மாளுக்கு அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று பயம். எங்கள் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் மகளைக் கூட்டிக்கொண்டு பிரகாரத்தில் வேண்டுதலாக ஆடிச்சுற்று சுற்றினாள். வெள்ளித் தகட்டில் ஒரு முகம் வாங்கி உண்டியலில் போட்டாள். தப்புச் செய்தது அந்த முகம்தானே, அதனால் முகத்தையே காணிக்கையாகக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். அது அவள் கணக்கு. ஆனால் எங்கள் ஊரில் கை வலிக்குக் கை, கண் நோய்க்குக் கண் என்று போடுவார்கள். தபசுக் கூட்டத்தில் எங்கெங்கிருந்தோ வந்தவர்களெல்லாம் வெள்ளி முகத்தையும் பார்த்தார்கள், பக்கத்தில் தலைகுனிந்து நின்ற பெண்ணையும் பார்த்தார்கள்.

அதோடு முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் தேமல் என்று பேசினார்கள். பஜாருக்கு வருவதற்குள் அது வெண்குஷ்டம் ஆகிவிட்டது. வெளியே தெரிகிற இடத்தில் இல்லை, சேலைக்குள் இருக்கிறது என்றும் சொன்னார்கள். நான் பிடிவாதம் பிடித்து அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லையே என்றார். டாக்டரிடம் போன செய்திதான் ஊருக்குள் வந்தது, அவர் சொன்னது வரவில்லை. சடங்கு வீடுகளில் நாயகியைக் கூப்பிடுவதும் நின்றது. அவள் தொட்ட சீப்பை யார் பெண் தலையில் வைக்க விடுவார்கள்? இரண்டாம் தாரத்துக்குக் கூட யாரும் கேட்டு வரவில்லை.

வடிவு வளர்ந்துவிட்டாள். எண்பத்திரண்டில் திருவேங்கடத்திலிருந்து அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பெரியவள் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணத்தன்று நாயகி கூட்டத்துக்குள் வராமல் இருப்பது நல்லது என்று காந்திமதியம்மாள் சொன்னாள். சரி என்றவள் ஒன்றே ஒன்று கேட்டாள். தங்கையை அவள்தான் ஜோடிப்பாளாம்.

அன்றைக்கு மண்டபத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் வேலை பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஐந்து வருஷமாகச் சும்மா இருந்த கை. சடை தைத்து, மை தீட்டி, நெற்றியில் பொட்டை வைத்துவிட்டு, எட்டி நின்று பார்த்தாள். வடிவு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அக்காள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியம்மா கூறைச்சேலைத் தட்டோடு உள்ளே வந்தாள். யார் இவ்வளவு அழகாக ஜோடித்தது என்று அவளே சந்தோஷமாகத்தான் கேட்டாள். அக்காள்தான் என்றாள் வடிவு. அந்த அம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர் சிவகிரி. நாயகியை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“அந்தப் பிள்ளையா நீ” என்றாள். பிறகு காந்திமதியம்மாள் பக்கம் திரும்பி, “பொண்ணு மொகத்தக் கழுவச் சொல்லுங்க. நல்லா சோப்புப் போட்டு. அதுக்கப்புறம் மணவடைக்கு வரட்டும்” என்றாள்.

வெளியே மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. வடிவு அக்காளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து குழாயடிக்குப் போனாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டுமே. கழுவி முடித்துத் திரும்பியபோது நாயகி துண்டை நீட்டினாள். பெரியம்மா தட்டில் இருந்த புதுத் துண்டை எடுத்து வடிவு கையில் கொடுத்தாள்.

கல்யாணச் சந்தடி எல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் நாயகியும் நானும் கோயிலுக்குப் போனோம். அழகுப் பக்கம் படிப்பதை அவள் விட்டிருந்தாள். செல்லப்பா பத்திரிகையைக் கொடுத்தால் பிரிக்காமலே மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். புற்றுமண் இருந்த இடத்தில் நான் ஒரு விரல் எடுத்துப் பூசிக்கொண்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி, குழந்தையின் காலில் சிரங்கு ஆறிவிட்டது என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். நாயகி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, எனக்கு நெசமாவே ஏதாவது வந்திருந்தா, இன்னைக்கு ஆறிட்டுன்னு இங்கன நாலு பேருகிட்ட காட்டலாம்லா” என்றாள். “இல்லாதது எப்படிட்டி ஆறும்?”

அந்தப் பெண் குழந்தையை எங்கள் பக்கம் நீட்டிக் காட்டினாள். நாயகி காலைத் தொடப் போனவள், கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.