மிஞ்சிய ஒரு வரி

தேயிலை விலை விழுந்த பிறகு நீலகிரியில் ஆளாளுக்கு ஒரு புத்தி பிறந்தது. ஏலத்தில் கையைச் சுட்டுக்கொண்ட ஜெகதீசனுக்குப் பிறந்தது கம்ப்யூட்டர் புத்தி. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒற்றை அறை பிடித்தார். தொழிற்சாலைகளில் பச்சை இலையை எடைபோட்டுச் சீட்டு அடிக்கும் புரோகிராம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள மாலதியை வேலைக்கு வைத்தார். கம்ப்யூட்டரைத் தொட அவருக்குப் பயம். யோசனை சொல்ல மட்டும் பயமே கிடையாது.

மாலதி கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுக்காரி. அப்பா இசக்கிமுத்துவின் மளிகைக் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. தேயிலை போட்ட தோட்டக்காரன் கையில் காசு புரண்டால்தானே கடைப் பக்கம் வருவான். அண்ணன் ஏற்கெனவே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். இந்த வேலையும் போனால் அடுத்த பஸ் அவளுக்குத்தான். திருப்பூர் வெக்கை அவளுக்கு ஆகவே ஆகாது. அதனால் ஜெகதீசன் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பாள்.

அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை தோறும் ஒரு ஞானோதயம். திரை பச்சையாக இருக்கட்டும் என்பார். நீலம்தான் லட்சணம் என்பார். பிறகு, பழையதே பரவாயில்லை என்பார். ஒவ்வொன்றையும் மாலதி ஒரு பேட்சாக எழுதி, எண் போட்டு வைப்பாள். புரோகிராமில் எந்த வரியை எடுப்பது, எந்த வரியைப் போடுவது என்று சொல்லும் சின்ன ஃபைல் அது. ஊரில் யாராவது கேட்டால், மூச்சுவிட நேரமில்லை என்று பெருமையாகச் சொல்வாள்.

வாடிக்கைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. மிச்சம் இருந்தது கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒன்றே ஒன்று. அதன் மேனேஜர் லோயிஸ் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க மாலதி, வருசம் பூரா பாத்த வேலைய ஒரே பேட்சா சேத்துக் கொண்டாங்க. பாத்துட்டுத்தானுங்க அடுத்த வருசத்துக்குக் கையெழுத்து."

மாலதி கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். அடுத்தடுத்த இரண்டு பேட்சுகளை ஒன்றாக்கித் தரும் கருவி அது. முதலாவதையும் இரண்டாவதையும் சேர்த்தாள். வந்ததோடு மூன்றாவதைச் சேர்த்தாள். சேர்க்கச் சேர்க்கப் பெருக வேண்டிய ஃபைல் சிறுத்துக்கொண்டே போனது. எங்கோ தப்பு என்று முதலிலிருந்து செய்தாள். தப்பெல்லாம் இல்லை. ஒரு பேட்ச் போட்டதை இன்னொன்று எடுத்திருந்தால், சேர்க்கும்போது இரண்டும் காணாமல் போகும். கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. முதல் திரையில் 'தயாரிப்பு: ஜெகதீசன்' என்று போடும் வரி.

அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

உருப்படியாக ஒன்று இருக்கத்தான் செய்தது. மழை நாளில் இலை ஈரத்துக்காக எவ்வளவு எடை கழிக்கிறார்கள் என்பதைச் சீட்டிலேயே தனியாகக் காட்டும் நாலாவது பேட்ச். லோயிஸ் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெகதீசன் அதை ஒன்பதாவதில் எடுக்கச் சொல்லியிருந்தார். சீட்டு நீளமாகப் போகிறதாம்.

"சார், ஒன்பத விட்டுட்டுச் சேத்தா ஈரக் கழிவு நிக்குமுங்க. லோயிஸ் சார் கேட்டது அதுதானுங்க."

"எடுத்தது எடுத்ததுதாம்மா. ஒரு முடிவெடுத்தா நான் மாத்தறதில்ல."

சிரிப்பு வராமல் இருக்க மாலதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் டீ குடிக்க இறங்கியதும் ஒன்பதை விட்டுவிட்டு மறுபடி சேர்த்தாள். பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்தாள். திருப்பூர் போவதைவிட இந்தத் திருட்டுத்தனம் மேல் என்று தோன்றியது.

தொழிற்சாலையில் நல்ல மழை. ஆறுக்குட்டி என்கிற தோட்டக்காரர் நனைந்த மூட்டையை எடைபோட்டுவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றிருந்தார். மாலதி பேட்சை ஏற்றியதும் புதுச் சீட்டு வந்தது. கழிவு எவ்வளவு என்று பார்த்தார், மழையைப் பார்த்தார், சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். லோயிஸ் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஜெகதீசனுக்குப் போன் செய்து பாராட்டவும் செய்தார்.

"எல்லாம் நம்ம ஐடியாதானுங்க" என்றாராம் ஜெகதீசன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் மாலதியின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாலதி, அந்த ஈரக் கழிவு இருக்கே, சீட்டு ரொம்ப நீளமா போகுதும்மா. எடுத்துரு."

"சரிங்க சார்."

புதிதாக எழுத ஒன்றும் இல்லை. பழைய ஒன்பதாவது பேட்சை எடுத்துப் புது எண் போட்டாள். அவர் மறுபடி போடச் சொல்லும் நாளுக்காக, அதற்கடுத்த எண்ணை நாலாவதற்குப் போட்டுத் தயாராக வைத்தாள். பிறகு கீழே டீக்கடைக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.